தொட்டிக்கும் மூச்சு வேண்டும்

(ஒரு சிவில் மாணவனின் அனுபவப் பாடம்)



நம் மலரில் கவிதை எழுத ஆள் இருக்கிறார்கள். காதல் கதை எழுதவும் ஆள் இருக்கிறார்கள். "நீ என்னல எழுதப் போற?" என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, "கக்கூஸ் தண்ணியைப் பற்றி" என்றேன். ஒருவன் சிரித்தான். இன்னொருவன் மூக்கைப் பொத்தினான். இதைப் படிக்கும் நீங்களும் பொத்தியிருக்கலாம். பரவாயில்லை, பொத்திக்கொண்டே படியுங்கள். படித்து முடிக்கும்போது, இந்த விஷயத்தில் நம்மிடம் உள்ள முதல் கருவியே அந்த மூக்குதான் என்பது புரியும். அந்த மூக்கு எந்த இடத்தில் நம்மை ஏமாற்றிவிடும் என்பதும் புரியும்.

சித்தப்பா வீட்டுப் பிரச்சினை

சுசீந்திரத்துக்கு அந்தப்புறம், ஏலாக் கரையில், என் சித்தப்பாவுக்கு 5 சென்ட் மனை. வளைகுடாவில் உழைத்த காசில் வீடு கட்டினார். முன்னால் வீடு, பின்னால் கிணறு, நடுவே நாலு தென்னை. எல்லாம் சரி, செப்டிக் டேங்க்கை எங்கே வைப்பது?

ஐ.எஸ். 2470 தர விதியை நாம் வகுப்பில் படித்திருக்கிறோம். உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையில் குறைந்தது 18 மீட்டர் இருக்க வேண்டும். சித்தப்பா மனையில் எந்த மூலையில் டேப்பைப் பிடித்தாலும் 11 மீட்டருக்கு மேல் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மையின் கிணறும் மதிலுக்கு அந்தப்பக்கம்தான் இருக்கிறது. போதாததற்கு ஐப்பசி, கார்த்திகையில் அங்கே மண்வெட்டியால் நாலு வெட்டு வெட்டினாலே தண்ணீர் வந்துவிடும். அப்படிப்பட்ட மண்ணில் உறிஞ்சு குழி எதையும் உறிஞ்சாது. மண்ணில் உள்ள தண்ணீர்தான் குழிக்குள் ஊறி வரும்.

செப்டிக் டேங்க் என்பது கழிவைச் சுத்தம் செய்து முடிக்கும் தொட்டி என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் அதில் உள்ள கெட்டிப் பொருளை ஓரளவு செரிக்கின்றன, அவ்வளவுதான். வெளியே வரும் தண்ணீரில் பாதிக்கு மேற்பட்ட அழுக்கு அப்படியே இருக்கும், நோய்க்கிருமியும் இருக்கும். மீதி வேலையைச் செய்வது மண். அந்த மண்ணுக்கு இடமும் ஆழமும் இல்லை என்றால்? எல்லாம் நேராகக் கிணற்றுக்குப் போகும்.

ஆகவே சித்தப்பா, காற்று ஊதிச் சுத்திகரிக்கும் ஒரு ஃபைபர் தொட்டியை வாங்கினார். விற்றவர்கள் வந்தார்கள், குழி தோண்டி இறக்கினார்கள், "மெயின்டனன்ஸே வேண்டாம் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சித்தப்பாவும் விமானம் ஏறினார். போகும்போது என் தோளில் கைவைத்து, "மக்கா, நீ சிவில் படிக்கியல்லா, வாரத்துக்கு ஒருக்கா போய்ப் பாத்துக்கோ" என்றார். அப்படித்தான் இந்தத் தொட்டி என் தலையில் வந்து விழுந்தது.

உள்ளே என்ன நடக்கிறது?

தொட்டியில் நாலு அறைகள். முதல் அறையில் கனமானவை அடியில் படியும், எண்ணெயும் கொழுப்பும் மேலே மிதக்கும். இரண்டாவது அறைதான் உயிர். அங்கே சிறு காற்றுப் பம்பு ஒன்று குழாய் வழியாக இரவும் பகலும் காற்றை ஊதும். குழாயின் அடியில் நுண்துளைகள் உள்ள டிஃபியூசர் இருக்கும். மீன் தொட்டியில் குமிழி விடுமே, அதே தத்துவம்தான். மூன்றாவது அறையில் சேறு அடியில் தங்கித் தெளிந்த நீர் மேலே வரும். நாலாவது அறையில் குளோரின் மாத்திரை கிருமியைக் கொல்லும். அதன் பிறகு தென்னைக்கும் வாழைக்கும் பாய்ச்சலாம்.

ஏன் ஓயாமல் ஊத வேண்டும்? ஒரு சிறு கணக்கு. 5 பேர் உள்ள வீடு. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்றால் 675 லிட்டர். அதில் 80 சதவீதம் கழிவாக வந்தால் 540 லிட்டர். ஒரு லிட்டர் கழிவின் பி.ஓ.டி. 250 மில்லிகிராம் என்று வைத்தால், நாளொன்றுக்கு 135 கிராம் ஆக்ஸிஜன் வேண்டும். ஆனால் நம் ஊர் வெப்பத்தில், 30 டிகிரியில், ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்து நிற்கக்கூடிய ஆக்ஸிஜன் ஏறக்குறைய ஏழரை மில்லிகிராம்தான்! 250 தேவைப்படும் இடத்தில் ஏழரை. சம்பளம் வந்த அன்றே தீர்ந்துபோகும் குடும்பம் மாதிரி. எனவே கரையக் கரைய ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். ஊதுவதை நிறுத்தினால் சற்று நேரத்திலேயே கையிருப்பு காலி.

இந்த முறை வந்த கதை சுவையானது. 1914-இல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரின் டேவிஹல்ம் கழிவுநீர் நிலையத்தில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் பாட்டிலில் சாக்கடை நீரை எடுத்துக் காற்றை ஊதினார்கள். முதல் தடவை தெளிய வாரக்கணக்கில் ஆயிற்று. தெளிந்த நீரை மட்டும் கொட்டிவிட்டு, அடியில் தங்கிய சேற்றை வைத்துக்கொண்டு புதுச் சாக்கடை நீரை ஊற்றினார்கள். இப்படித் திரும்பத் திரும்பச் செய்ய, கடைசியில் ஒரு நாளுக்குள் வேலை முடிந்தது. காரணம், அந்தச் சேறு வெறும் சேறு அல்ல. கோடானுகோடி பாக்டீரியாக்களின் குடியிருப்பு! நம் வீட்டில் பாலுக்கு உறை ஊற்றுகிறோமே, அதுபோலத்தான். அவர்களுக்கு வழிகாட்டிய ஃபவுலர் என்ற விஞ்ஞானி பின்னாளில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார் என்பது நமக்கு ஒரு கூடுதல் செய்தி.

ஆக, பசுவைக் கட்டி வளர்க்கிற மாதிரிதான் இந்தத் தொட்டியும். மூச்சு வேண்டும், தீனி வேண்டும், அவ்வப்போது சாணமும் அள்ள வேண்டும். "மெயின்டனன்ஸே வேண்டாம்" என்று எந்தப் பசுவையும் யாரும் விற்க முடியாது.

நான் போட்ட கணக்கும் நான் செய்த தப்பும்

ஒரு நாள் சித்தி சொன்னார்: "கரண்டு பில்லு கூடிட்டு மக்கா. அந்த மோட்டாரு ராத்திரி பூரா கெடந்து ஓடுது."

நான் உடனே கால்குலேட்டரை எடுத்தேன். பம்பு 60 வாட். 24 மணி நேரத்துக்கு 1.44 யூனிட். இரண்டு மாதத்துக்கு 86 யூனிட். தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் அல்லவா? அதில் பெரும்பகுதியைத் தொட்டியே விழுங்கிவிடுகிறது! "ராத்திரி யாரும் குளிக்கப் போறதில்ல, துணி துவைக்கப் போறதில்ல. பத்து மணிக்கு ஆஃப் பண்ணி ஆறு மணிக்குப் போடுங்க சித்தி. 29 யூனிட் மிச்சம்" என்றேன். சித்திக்கு மகிழ்ச்சி. எனக்கும் எஞ்சினீயர் ஆகிவிட்ட பெருமை!

கணக்கு சரி, பாடம் தப்பு. ராத்திரி நாம் தூங்குகிறோம், பாக்டீரியா தூங்குவதில்லை. எட்டு மணி நேரம் மூச்சில்லாமல் அவை சோர்ந்தன. குமிழி நின்றதும் சேறெல்லாம் அடியில் படிந்து டிஃபியூசரின் துளைகளை அடைத்தது. காலையில் சுவிட்சைப் போட்டால் பம்பு அடைப்பை எதிர்த்துத் திணறி ஊதியது. மூன்றாவது வாரம் பம்புக்குள் இருக்கும் ரப்பர் டயாஃபிரம் கிழிந்தது. ஓடும் சத்தம் மட்டும் கேட்டது, காற்று வரவில்லை. சத்தம் கேட்டதால் சித்தியும் கவனிக்கவில்லை. அந்த வாரம் எனக்குத் தேர்வு. நானும் போகவில்லை.

முதலில் கண்டுபிடித்தது பெரியம்மையின் மூக்குதான். "என்ன பிள்ளே, அழுகின முட்ட நாத்தம் அடிக்கு?" என்று மதிலுக்கு மேலே எட்டிக் கேட்டாராம். போய்ப் பார்த்தேன். சாக்லேட் நிறத்தில் இருக்க வேண்டிய நீர் கரிக்கறுப்பு. தென்னந்தடத்தில் பாய்ந்த தண்ணீரும் கறுப்பு. தடத்திலிருந்து பெரியம்மையின் கிணறு பத்தடி தள்ளி.

மூடியைத் திறந்த நாள்

டிஃபியூசர் அடைத்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. கழிவு லாரியை வரச்சொன்னோம். லாரி வந்து முக்கால்வாசி உறிஞ்சியதும், "அடியில கொஞ்சம்தானே கெடக்கு, எறங்கிக் கழற்றிவிடலாம்" என்று நினைத்தேன். சட்டையைக் கழற்றி வைத்தேன். முதலில் இருந்த நாற்றம் கூட அப்போது அவ்வளவாகத் தெரியவில்லை. ஒரு காலை உள்ளே வைத்திருப்பேன், பின்னாலிருந்து ஒரு கை என் புஜத்தைப் பிடித்து இழுத்தது. லாரியில் வந்த அண்ணன்.

"லேய் தம்பி, என்னல செய்யப் போற? வெளிய வா மொதல்ல!"

"இப்ப நாத்தம் கொறஞ்சிட்டுண்ணே" என்றேன்.

"நாத்தம் அடிச்சா மூக்கப் பொத்தலாம். நாத்தம் தெரியாமப் போச்சுன்னாத்தான் ஆளத் தூக்கும், கேட்டியா? எங்கூட வேல பாத்தவன் ஒருத்தன் இப்படித்தான் எறங்குனான். அவனத் தூக்க எறங்குனவனும் வரல்ல."

அதற்குமேல் அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினேன். அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவுடையது. அதன் அளவு கூடும்போது நம் மூக்கின் நரம்பே மரத்துப்போகும், நாற்றம் தெரியாது. காற்றில் சாதாரணமாக 21 சதவீதம் ஆக்ஸிஜன் இருக்கும். மூடிய தொட்டிக்குள் அது எவ்வளவு இருக்கிறது என்று கண்ணுக்கும் தெரியாது, மூக்கிற்கும் தெரியாது. சேற்றைக் கலக்கும்போது அடைபட்ட வாயு ஒரேயடியாக வெளிவரும். நான் இந்தப் பாடத்தைத் தேர்வில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன் நண்பர்களே!

நம் நாட்டில் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சாக்கடையிலும் செப்டிக் டேங்க்கிலும் பாதுகாப்பில்லாமல் மனிதனை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பதைக் குற்றம் என்கிறது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இப்படி இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. எத்தனை லட்சமானாலும் ஆள் திரும்பி வரப்போவதில்லை. நாளை சூப்பர்வைசராகவும் கான்ட்ராக்டராகவும் நிற்கப்போகிறவர்கள் நாம். "இறங்கு" என்று இன்னொருவரிடம் சொல்லப்போகிற வாயும் நம்முடையதே. அந்தச் சொல்லை இன்றே மறந்துவிடுவோம்.

பிறகு என்ன செய்தோம்? காற்றுக் குழாயின் இணைப்பை மேலேயே கழற்றி, கயிறு கட்டி, டிஃபியூசரோடு சேர்த்து வெளியே தூக்கினோம். பத்து நிமிஷ வேலை! பிரஷ் போட்டுக் கழுவினோம். புது டயாஃபிரம் போட்டோம். கன்னியாகுமரியில் ஒரு விடுதியின் சுத்திகரிப்புத் தொட்டியிலிருந்து அனுமதி வாங்கி இரண்டு கேன் நல்ல சேறு கொண்டுவந்து உறை ஊற்றினோம். மூன்று வாரத்தில் நிறம் திரும்பியது.

இரண்டு கிணற்று நீரையும் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தோம். பெரியம்மையின் கிணற்றில் கோலிஃபார்ம் இருந்தது. எங்கள் தொட்டியிலிருந்து வந்ததா, அந்த வீட்டுப் பழைய குழியிலிருந்து வந்ததா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆனாலும் ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது எனக்குத் தலை நிமிரவில்லை. கிணற்றில் குளோரின் போட்டு, ஒரு மாதம் காய்ச்சிக் குடித்து, மறுபடி சோதித்த பிறகே நிம்மதி. 29 யூனிட் மிச்சம் பிடித்த கதை இது.

பராமரிப்பு: வரிசையாக

தினமும்: பம்புச் சத்தம் மட்டும் போதாது, குமிழிச் சத்தமும் கேட்கிறதா என்று பாருங்கள். மழைபெய்த மண் மாதிரி வாடை நல்ல அடையாளம். அழுகிய முட்டை வாடை ஆபத்தின் அடையாளம்.

வாரம் ஒருமுறை: சற்று விலகி நின்று பார்வை மூடியைத் திறந்து நிறம் பாருங்கள். சாக்லேட் பழுப்பு நல்லது. கறுப்பு என்றால் காற்றில்லை. வெள்ளை நுரை பொங்கினால் சோப்புத்தூள் அதிகம் அல்லது சேறு இன்னும் இளசு. பார்த்ததும் மூடியைப் பூட்டுங்கள்; வீட்டில் குழந்தைகள் உண்டு. குளோரின் மாத்திரை கரைந்துவிட்டதா என்றும் பாருங்கள். நீச்சல் குளத்துக்கு விற்கும் மாத்திரையைப் போடாதீர்கள். அதன் மருந்து வேறு, இதனோடு கலந்தால் வெடிக்கும் அபாயம் உண்டு.

மாதம் ஒருமுறை: பம்பின் காற்று வடிகட்டியைக் கழற்றித் தூசி தட்டுங்கள். பிறகு ஜாடிச் சோதனை: கையுறை போட்டு, நீண்ட கைப்பிடியுள்ள கோப்பையால் மேலிருந்தே காற்றறை நீரை ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் எடுத்து, 30 நிமிஷம் அசைக்காமல் வையுங்கள். சேறு மூன்றிலொரு பங்கு அளவில் படிந்து மேலே தெளிந்தால் நலம். பாதியைத் தாண்டினால் லாரிக்குச் சொல்லுங்கள். ஒன்றுமே படியவில்லை என்றால் பாக்டீரியா போதவில்லை.

ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை: டயாஃபிரம் மாற்றுங்கள், சேறு எடுங்கள். முழுவதையும் துடைத்து எடுக்க வேண்டாம், உறைக்குக் கொஞ்சம் விட்டு வையுங்கள். லாரி போனதும் உடனே தண்ணீர் நிரப்புங்கள்.

ஏன் உடனே? இங்கேதான் நம் நாஞ்சில் நாட்டு மழை வருகிறது. மண்ணில் நீர் ததும்பும் நேரத்தில் 2,000 லிட்டர் ஃபைபர் தொட்டியைக் காலி செய்தால், ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி அதை மேலே தள்ளும் விசை ஏறக்குறைய 2 டன். தொட்டி படகு மாதிரி மிதந்து குழாய்களைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். சேறு எடுக்க மாசி, பங்குனியே நல்ல காலம்.

அடுக்களையிலிருந்து தொட்டிக்குப் போகக் கூடாதவை: கஞ்சித் தண்ணீர் (பாக்டீரியாவுக்கு இது அஜீரண விருந்து), மீன் செதில், பொரித்த எண்ணெய். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழி விடியலில் குழாயை அடைப்பது அதுதான். கஞ்சித் தண்ணீரை மாட்டுக்கோ வாழைக்கோ ஊற்றலாம். அதுபோல பிளீச்சிங் பவுடர், ஆசிட், பினாயில் பாட்டிலைக் கவிழ்க்காதீர்கள். அவை கிருமியைக் கொல்லும். நம் வேலைக்காரக் கிருமியையும் சேர்த்துக் கொல்லும்.

கரண்ட் போனால்: 2017 நவம்பர் 30-இல் ஓகி புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படி ஒரு நிலை வந்தால் தண்ணீர்ச் செலவைப் பாதியாக்குங்கள். 60 வாட் பம்பை இன்வெர்ட்டரே தாங்கும். கரண்ட் வந்ததும் நிறம் திரும்பும்வரை தோட்டத்துக்குப் பாய்ச்ச வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. நன்றாக ஓடும் தொட்டி கூட அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றுமே தவிர, அதை முழுவதும் நீக்காது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. எனவே இந்த நீரைத் தென்னையும் வாழையும் குடிக்கட்டும், கிணற்றோரம் தேங்கவிடாதீர்கள். பச்சையாகத் தின்னும் கீரைக்கும் வேண்டாம்.

முடிவுரை

ஜப்பானில் நகரச் சாக்கடை எட்டாத வீடுகளில் இப்படிப்பட்ட தொட்டிகள் ஏராளம். அவர்கள் 1983-இலேயே இதற்கென ஒரு தனிச் சட்டம் போட்டார்கள். முறையான பராமரிப்பு, வருஷத்துக்கு ஒரு சுத்தம், வருஷத்துக்கு ஒரு பரிசோதனை: மூன்றும் வீட்டுக்காரரின் கடமை. அங்கேயும் தொட்டி தானாக ஓடுவதில்லை, கவனிப்பில்தான் ஓடுகிறது.

நண்பர்களே, நாம் டிப்ளமோ முடித்துப் பல வீடுகள் கட்டுவோம். வீட்டுக்காரர் டைல்ஸ் கேட்பார், எலிவேஷன் கேட்பார். தொட்டியைப் பற்றிக் கேட்க மாட்டார். நாம்தான் சொல்ல வேண்டும். சாவியைக் கொடுக்கும் அன்று, மேலே சொன்ன அட்டவணையை ஒரு தாளில் எழுதிப் பம்புக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வாருங்கள். "உள்ளே யாரும் இறங்கக் கூடாது" என்று சிவப்பு மையில் முதல் வரியாக எழுதுங்கள்.

சித்தப்பா வீட்டில் நான் ஒட்டியிருக்கிறேன். இப்போது பம்பு ராத்திரியும் ஓடுகிறது. போன வாரம் போனபோது பெரியம்மை மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "இப்ப ஒரு நாத்தமும் இல்ல மக்கா" என்றார். நான் உடனே ஓடிப்போய் மூடியைத் திறந்து குமிழியைப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தேன்.



- இறுதியாண்டு மாணவன், சிவில் பிரிவு